மூக்கின் முன்னால் ஒரு கை

குனியும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது மட்டும் எமரன்சியாவுக்குப் பிடிபடவே இல்லை. பெண்பிள்ளைகள் இரண்டு கையையும் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும், ஆண்பிள்ளைகள் தொடையோரம் ஒட்டவைக்க வேண்டும், கழுத்து மட்டும் தொங்கக் கூடாது, இடுப்பிலிருந்து மடங்க வேண்டும், பார்வை எதிராளியின் முகத்தை விட்டுத் தரைக்குப் போய்விட வேண்டும் என்று வத்சலா டீச்சர் செய்து செய்து காட்டினார். பார்க்கும்போது ஒன்றுமில்லாத காரியம்போலத்தான் இருந்தது. தான் செய்யும்போதோ, தலை தாழ்ந்ததும் வலது கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிடுகிறது. சின்ன வயசிலிருந்து கோயில் வாசலில் பழகிய கை, அது யார் சொல்லையும் கேட்கிற கையா? “பெரியம்மா, நீங்க இப்படிக் கும்பிட்டா ஜப்பான்காரன் பயந்துபோயி முழங்கால் போட்டுருவான்” என்று முன்வரிசை மாடசாமி சொல்ல, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்தப் பிள்ளைகள் சிரித்தால் அவளுக்கு வலிப்பதில்லை. எல்லாரும் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு வேலைக்குப் போகப்போகிறவர்கள். வேலைக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அவள் ஒருத்திதான். எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பேரப்பிள்ளை பார்த்துவிட்ட வயசில், தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில், கம்பியும் கொக்கியுமாக இருக்கிற எழுத்தை மொச்சைக்கொட்டை மாதிரி பொறுக்கிப் பொறுக்கி எழுதிக்கொண்டிருக்கிறாள். மூத்தவள் ரூபினாதான் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். “உங்க மருமக மிஹோவுக்குப் பேறுகாலம் வருதுல்லாம்மா, நாலு வார்த்தையாவது தெரிஞ்சாத்தான நீங்க அங்க போயி அவகிட்டப் பேசலாம்?” என்றாள். போனால்தானே பேசுவதற்கு. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வேண்டும். காலையில் மகன் ஜெர்வின் ஜப்பானிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டான். “அம்மா, வாரியளா இல்லையா? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க, டிக்கெட் போடணும், நானும் லீவு சொல்லணும். மிஹோ கேட்டுக்கிட்டே இருக்கா.” கேட்டுக்கிட்டே இருக்காளாம். என் மகன் நல்லவன். இல்லாததையும் இருக்கிற மாதிரிச் சொல்லி இரண்டு பக்கமும் மனசு நோகாமல் பார்த்துக்கொள்வான், அவன் அப்பா மாதிரி. ‘குளிர் எனக்கு ஒத்துக்காதுய்யா’ என்று எப்போதும் இழுப்பதையே இன்றைக்கு உறுதியாகச் சொல்லிவிட வேண்டியதுதான். வகுப்பு முடிந்ததும் சொல்லிவிடலாம். இப்போது நினைக்க வேண்டாம். மாதாவே, இப்போது நினைக்க வைக்காதேயும். கைப்பைக்குள் விரல் போய் ஜெபமாலையின் மணியைத் தேடியது.

கீழே பேக்கரியில் மக்ரூன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சீனியும் முட்டை வெள்ளையும் முந்திரியும் சேர்ந்து வேகிற வாசம் படியேறி, ஜன்னல் வழியாக வந்து, டீச்சரின் சேலையிலும் பிள்ளைகளின் தலையிலும் உட்கார்ந்துகொண்டது. இந்த வகுப்பில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இங்கே எல்லாருக்கும் ஒரே வாசம். வீட்டிலிருந்து கிளம்பும்போது சந்தன சோப்பு போட்டுக் குளிப்பாள், முழங்கை வரைக்கும் இரண்டாந்தரம் தேய்ப்பாள், நகக்கண்ணை மோந்து பார்ப்பாள். அப்படியும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி முகத்தைத் திருப்பினால் நெஞ்சு திக்கென்றுவிடும். காரணம் என்னவோ வெயிலாகத்தான் இருக்கும், ஆனாலும் திக்கென்றுவிடும். அம்மா கூடையில் மீன் சுமந்து விற்றவள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அந்தக் கூடைக்கு ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் இவள் போவாள். கடற்கரைத் தெருப் பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்த பத்மினி ஒன்றும் சொல்லமாட்டாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். மூக்குக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் இரண்டு வீசு வீசுவாள், ஈ ஓட்டுகிற மாதிரி. அவ்வளவுதான். வைதிருந்தால் திருப்பி வைதிருக்கலாம். அடித்திருந்தால் அழுதிருக்கலாம். கைவீச்சுக்கு என்ன பதில் சொல்ல? கல்யாணமாகி, வீட்டுக்காரர் தோணியில் சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வந்து சம்பாதித்து, ஊருக்குள்ளே ஓட்டுவீடு வாங்கி, அந்த மனுஷனும் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்து, பிள்ளைகளும் ஆளாகிவிட்டார்கள். பத்மினியின் கை மட்டும் எங்கேயும் போகவில்லை. பஸ்ஸில், பந்தியில், ஆஸ்பத்திரி வரிசையில், யாராவது ஒருத்தர் கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் அது மருமகள் கையிலும் ஏறியது. அதை நினைக்க வேண்டாம் என்றுதானே மணியைப் பிடித்தாய், எமரன்சி? நினைப்பு என்ன, சொன்னால் கேட்கிற கோழிக்குஞ்சா? ஜெர்வின் அந்தப் பெண்ணை முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த சாயங்காலம். இவள் விடியற்காலையிலேயே துறைக்குப் போய்ச் சீலா மீன் வாங்கி, நண்டு வாங்கி, ஆய்ந்து கழுவி, பொரித்து, அவியல் வைத்து, கூடவே அவன் ஆசைப்பட்டுக் கேட்டானே என்று கருவாட்டுக் குழம்பும் வைத்து, வியர்வை வடிய நின்றபோது வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. குளிக்க நேரமில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தெளித்து வைத்திருந்த பிச்சிப்பூவை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக, கோயிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்க வந்த சிறுமி மாதிரி நின்றது. அதன் தாடையைப் பிடித்து, “என்ன அழகு! மாதா சொரூபம் கண்ணு தொறந்த மாதிரி இருக்காளே!” என்று இவள் சொன்னதும், ஜெர்வின் அந்தப் பாஷையில் ஏதோ சொன்னான். சொல்லிவிட்டு ஆட்டோக்காரனிடம் பெட்டியை வாங்கத் திரும்பிவிட்டான். அந்த நேரம்தான் அந்தப் பெண் அரை அடி பின்னால் போய், முகம் சிவந்து, மூக்குக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் வேகமாக வீசினாள். ஒருதரம் இல்லை. நாலைந்து தரம். பூ இவள் கையிலேயே இருந்தது. பூவுக்கும் மீன்வாடை ஏறியிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

“இங்க வாங்க-ன்னு கூப்பிடுறதுக்குக் கையை எப்படிக் காட்டுவோம்?” என்றார் டீச்சர். எல்லாரும் கையைக் கவிழ்த்து விரல்களை உள்ளே மடக்கிக் காட்டினார்கள். “கரெக்ட். அவங்களும் அதேதான். வெள்ளைக்காரங்க பார்த்தா ‘போ’ன்னு சொல்றதா நினைச்சு போய்டுவாங்க. ஜப்பான்காரங்களுக்கும் நமக்கும் இதுல சண்டையே கிடையாது.” எமரன்சியாவுக்கு அது தெரியும். அந்தப் பெண் அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். வந்த மறுநாளோ அதற்கும் மறுநாளோ, ஹாலில் உட்கார்ந்து ஏதோ பரிசுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவள், அடுப்படி வாசலில் நின்ற இவளைப் பார்த்துக் கையைக் கவிழ்த்து ‘வாங்க வாங்க’ என்றாள். இவள் போகவில்லை. ‘இருக்கட்டும்மா’ என்று அங்கேயே நின்றாள். போனால் மறுபடியும் மூக்குக்குக் கை போய்விட்டால்? அதன்பிறகு அவர்கள் இருந்த நாளெல்லாம் அப்படித்தான் ஓடியது. பிள்ளைகளை மேசையில் சாப்பிடவைத்துவிட்டு இவள் அடுப்படியில் சாப்பிட்டாள். தட்டை எட்டியிருந்தே நீட்டினாள். வீடெல்லாம் சாம்பிராணி போட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் குளித்தாளோ, ஆண்டவருக்குத்தான் தெரியும். காலையில் அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தோடு அடுப்படிக்குள் வந்து, சட்டியின் மேல் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தபோதுகூட, ‘அங்கன போ தாயி, புகையா இருக்கு’ என்று விரட்டிவிட்டாள். ஜெர்வினுக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் முகம் வாடினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அம்மா தள்ளி நிற்பதை மட்டும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அம்மா அடுப்படியில்தானே நிற்பாள் என்று விட்டுவிடுவார்கள். ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்தபின், அந்தப் பெண் போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். குட்டைமுடி வைத்த ஒரு பொம்பிளை, மடியில் ஒரு குழந்தை. “இது மிஹோவோட அம்மா. இவ ஒன்பதாவது படிக்கும்போதே இறந்துட்டாங்கம்மா” என்றான் ஜெர்வின். ஒன்பதாவது என்றால் பூப்பெய்தி ஒரு வருஷம் இருக்குமோ என்னவோ, யார் தலை சீவிவிட்டிருப்பார்கள், யாரிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கும் இந்தப் பிள்ளை? அடுப்படி வாசலில் நின்றபடியே த்சொ த்சொ த்சொ என்று உச்சுக் கொட்டினாள். ஓடிப்போய் அந்தத் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கை துடித்தது. போகவில்லை. அந்தப் பெண்ணும் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு போனை மூடிவிட்டாள். இன்றுவரைக்கும் ராக்காலச் செபத்தில் அந்தப் பேர் தெரியாத தாய்க்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துத்தான் சொல்கிறாள் எமரன்சியா. அந்தம்மா ஞானஸ்நானம் வாங்காதவள்தான். இருந்தாலும் மாதாவுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா? அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே. அந்தத் தாய் இருந்திருந்தால் பேறுகாலத்துக்குப் போய் நிற்பாள். அந்த ஊரிலும் பெண்பிள்ளைகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவதுண்டு என்று டீச்சர் ஒருதரம் சொன்னார். போக வீடு இல்லாத பிள்ளை. இங்கே நான் இருக்கிறேன், இஞ்சிச்சாறும் பூண்டும் பத்தியமும் தெரிந்தவள், ரூபினாவின் இரண்டையும் இந்தக் கையில் ஏந்திக் குளிப்பாட்டியவள். இருந்தும் என்ன? பிள்ளைத்தாச்சி, எந்த வாடைக்கும் குமட்டுகிறவள், பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்துவாள் என்றால் எப்படிப் போய் நிற்க? குழந்தையை இவள் கையில் கொடுக்க அவளுக்கு மனசு வருமா? இவள் மணம் குழந்தைக்கும் ஏறிவிடும் என்று நினைக்கமாட்டாளா? நினைப்பதில் தப்பும் இல்லை. பாவம், அவளுக்குப் பழக்கமில்லை. குளிர் ஒத்துக்காது என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் மாதாவே, அதன் உள்ளங்காலை ஒரே ஒருதரம், பிறந்த சூட்டோடு, என் கன்னத்தில் வைத்துப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா உமக்கு?

“பெரியம்மா, நம்ம ரெண்டு பேரும் ஜோடி” என்று பெஞ்சை இழுத்துப்போட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள் இசக்கியம்மாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், உருண்டை முகம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. டீச்சர் என்ன சொன்னார் என்றே எமரன்சியா கவனிக்கவில்லை. “என்ன செய்யணும்டி?” என்றாள். “நீங்க என்னைப் புகழணும். நான் அவங்க ஊர் வழக்கப்படி பதில் காட்டணும். நல்லாப் புகழுங்க பெரியம்மா, எங்க வீட்ல ஒரு நாளும் புகழ்ந்ததில்ல.” எமரன்சியா நாக்கைத் தயார் பண்ணிக்கொண்டு, ‘ரொம்ப அழகாயிருக்கிறாய்’ என்பதற்குப் படித்திருந்த வார்த்தையைச் சொன்னாள். “கிரேய் தெஸ் நே.” இசக்கி சட்டென்று முதுகைப் பின்னால் சாய்த்து, வெட்கப்பட்டு, மூக்குக்கு முன்னால் கையை இப்படியும் அப்படியும் இப்படியும் வீசினாள். “ஏட்டி!” என்றாள் எமரன்சியா. அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “என்ன காட்டுத நீ?” இசக்கியின் கை அந்தரத்தில் நின்றது. “டீச்சர் காட்டினதைத்தான் பெரியம்மா காட்டுதேன்… தப்பாக் காட்டிட்டேனா?” டீச்சர் பக்கத்தில் வந்தார். “என்னாச்சும்மா?” எமரன்சியா எழுந்து நின்றாள். கேட்காதே, கேட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று உள்ளிருந்து பத்மினி சொன்னாள். “டீச்சர், இது… நாத்தம் அடிக்குன்னுதான அர்த்தம்?” என்று கேட்டேவிட்டாள். மாடசாமி மேசையைத் தட்டிச் சிரித்தான். “அப்ப இசக்கிதான் குளிக்காம வந்திருக்கா!” “போடா எருமை” என்றாள் இசக்கி. டீச்சர் சிரிக்கவில்லை. “நம்ம ஊர்ல அப்படித்தாம்மா. அங்க அப்படி இல்ல. யாராவது நம்மைப் பெருமையாச் சொன்னா, ‘ஐயோ, நானா, எனக்கு அவ்வளவெல்லாம் தகுதி இல்லீங்க’ன்னு அடக்கமாச் சொல்றதுதான் இது. நாம ‘நான்’னு சொல்லும்போது எங்க தொடுவோம்?” எமரன்சியாவின் கை நெஞ்சுக்குப் போனது. “அவங்க மூக்கைத் தொடுவாங்க. ‘நானா?’ன்னு கேட்கணும்னா விரலை மூக்குக்கு நேராக் காட்டுவாங்க. மூக்குதான் அவங்களுக்கு ‘நான்’. அதுக்கு முன்னால கையை ஆட்டினா, நான் இல்ல, நான் அப்படியெல்லாம் இல்லன்னு அர்த்தம்.” எமரன்சியா உட்காரவில்லை. “அப்போ நெசம்மாவே நாத்தம் அடிச்சா அவங்க என்ன செய்வாங்க டீச்சர்?” “ஒண்ணும் செய்யமாட்டாங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா அங்கேயே நிப்பாங்க. உயிரே போனாலும் எதிராளி முகத்துக்கு நேரா மூக்கில கை வைக்கமாட்டாங்க.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். அவள் மூச்சைப் பிடிக்கவில்லையே. சட்டிமேல் குனிந்து நெஞ்சு நிறைய இழுத்தாளே. இழுத்துவிட்டுத் திரும்பி ஏதோ கேட்கத்தானே வாயைத் திறந்தாள், அதற்குள்தானே புகை என்று விரட்டினேன்? பெஞ்சில் எப்போது உட்கார்ந்தாள் என்று எமரன்சியாவுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே ஒரு உப்பு லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தார்ப்பாய் படபடத்தது. ‘என்ன அழகு’ என்றேன், அதைத்தான் ஜெர்வின் அவள் பாஷையில் சொல்லியிருக்கிறான். ‘நானா, இல்லை, நான் இல்லை’ என்றாள். அவ்வளவுதான் நடந்தது. வாசலில் நின்று ஒரு பிள்ளை வெட்கப்பட்டிருக்கிறது. பூவை வாங்கிக்கொள்ளத் தலையைக்கூடச் சாய்த்திருக்குமோ? நான் பார்க்கவில்லை, நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். அப்பாடா என்று இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கூடையை யாரோ இறக்கிவைத்த மாதிரி, முதுகெல்லாம் காற்று பட்டது. மாதாவே, அவள் அப்படிச் சொல்லவில்லை, அவள் சொல்லவே இல்லை. சந்தோஷத்தில் கண் நிறைந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மூச்சு நேரம்தான் நின்றது. பின்னாலேயே இன்னொன்று படியேறி வந்தது. அப்படியென்றால் அந்தப் பிள்ளை அந்த வீட்டில் என்ன பார்த்தது? அழகு என்று சொன்ன மாமியார் மறுநொடி கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். பூவைத் தலையில் வைக்காமல் மேசையில் வைத்துவிட்டாள். கூப்பிட்டால் வரவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. தட்டை எட்டியிருந்து நீட்டினாள், ஏதோ தீட்டுக்காரிக்கு நீட்டுகிற மாதிரி. அடுப்படிக்குப் போனால் விரட்டினாள். இதையெல்லாம் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கில் எழுதியிருக்கும்? என்னை மூக்கில் கைவைத்து ஓட்டினாள் பத்மினி. நான் யாரை, எதை வைத்து ஓட்டினேன்? இல்லை, தெரிந்து செய்யவில்லையே, மாதாவே, தெரிந்து செய்யவில்லை. பத்மினிக்கு மட்டும் தெரிந்தா இருந்தது, அவளும் ஒரு பத்து வயசுப் பிள்ளைதானே. நினைப்பு பிடித்த இடத்தையே பிடித்துக்கொண்டு சுற்றியது. டீச்சர் அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டிருந்தார். “இன்னொண்ணு, இதை நல்லா மனசில வச்சுக்கோங்க. தெக்கத்தி ஆளுங்களுக்குத்தான் இது முக்கியம். நாம யாராவது கஷ்டத்தைச் சொன்னா உச்சுக் கொட்டுவோம் இல்லையா, த்சொ த்சொன்னு? அங்க போயி அதை மட்டும் செஞ்சிராதீங்க.” “ஏன் டீச்சர், பாவம்னுதான கொட்டுதோம்?” என்றாள் இசக்கி. “நமக்கு அது இரக்கம். அவங்களுக்கு அது எரிச்சல். ‘ச்சே, சனியன்’ன்னு சொல்றதுக்கும் மேல. ஒரு வயசான அம்மாவைக் குளிப்பாட்டும்போது அவங்க தன் புருஷன் செத்த கதையைச் சொல்றாங்கன்னு வைங்க. நீங்க இங்க மாதிரி உச்சுக் கொட்டினீங்கன்னா, அன்னைக்கு அந்தம்மா சாப்பாட்டைத் தொடமாட்டாங்க.”

ஜெபமாலை எமரன்சியாவின் விரலைச் சுற்றி இறுகி, மணி பதிந்து வலித்தது. வலிக்கட்டும். த்சொ த்சொ த்சொ. மூன்று தரமா, அதற்கு மேலா? வாசலில் தள்ளி நின்றுகொண்டு, கிட்டே வராமல், செத்துப்போன தாயின் படத்தைப் பார்த்து. அந்தப் பிள்ளை கடல் தாண்டி வந்து, தன் தாயைக் கொண்டுவந்து ஒரு அந்நிய வீட்டில் காட்டியிருக்கிறது, பாருங்கள், எனக்கும் ஒருத்தி இருந்தாள் என்று. அதற்கு நான் கொடுத்த பதில் அது. முகத்தைக் கவிழ்த்துக்கொண்டது துக்கத்தில் என்று நினைத்தேனே. நான் பரிதாபப்பட்டதைப் பார்த்து மனம் இளகிவிட்டாள் என்றுகூட நினைத்தேனே. அன்றைக்கு ராத்திரி தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாளே. ஜெர்வினிடம் ‘வெயில் ஒத்துக்கலை போலய்யா’ என்று சொன்னவள் நான்தானே. இந்த நாக்கு, பூசையில் திவ்விய நன்மை வாங்குகிற நாக்கு. இதை என்ன செய்ய? அவள் யாரிடம் சொல்லியிருப்பாள்? தாய் இருந்தால் தாயிடம் சொல்லியிருப்பாள். மாமியார் உன்னைப் பழித்தாள் என்று தாயிடமே எப்படிச் சொல்ல? இப்போது வயிற்றில் பிள்ளையோடு, ராத்திரி புரண்டு படுக்கும்போது அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்குமோ? எனக்குப் பத்மினியின் கை எப்படியோ, அவளுக்கு என் நாக்கு அப்படி ஆகிவிட்டதோ? அப்படி ஆகியிருந்தால் கிழவியாகிற வரைக்கும் அல்லவா கூட வரும்? அது எங்கேயும் போகாதே, எனக்குத் தெரியுமே, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. அவள் என்னை வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று ஜெர்வின் சொன்னது நிஜமாகவே இருந்தால்? இத்தனைக்கும் பிறகு அவள் கேட்கிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய மனசு, அல்லது எவ்வளவு பெரிய தனிமை? “பெரியம்மா, அழுதியளா?” என்று இசக்கி மெதுவாகக் கேட்டாள். “இல்லட்டி, மக்ரூன் புகை” என்றாள் எமரன்சியா. மக்ரூனுக்கு ஏது புகை? இசக்கி, ஜப்பான்காரர்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று இப்போதுதான் படித்த தூரத்தையெல்லாம் விட்டுவிட்டு, அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் தடதடவென்று இறங்கிப் போனார்கள். எமரன்சியா பாதிப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அங்கே இந்நேரம் இருட்டி விளக்குப் போட்டிருப்பார்கள், சாப்பிட்டிருப்பார்களோ என்னவோ. பேசுவதற்கு முன்னால் என்ன பேசுவது என்று ஒரு ஒழுங்கு பண்ணிக்கொள்ளலாம் என்று பார்த்தால் ஒன்றும் வரிசையில் நிற்கவில்லை. மணி அடித்தது. ஜெர்வின் முகம் திரையில் வந்தது. “சொல்லுங்கம்மா. எங்க இருக்கிய, படியிலயா? இருமல் குறைஞ்சிட்டா?” “மிஹோ இருக்காளா?” அவன் முகம் மாறியது. இதுவரைக்கும் அவள் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை, ‘நல்லா இருக்காளா’ என்றுதான் கேட்பாள். “இந்தா, பக்கத்துலதான் இருக்கா.” போன் ஆடி, சுவர் தெரிந்து, விளக்கு தெரிந்து, அவள் வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவள் உட்கார்ந்தபடியே, வயிறு இடிக்க, திரையைப் பார்த்துக் குனிந்தாள். எமரன்சியாவும் படியில் உட்கார்ந்தபடி குனிந்தாள். கை எங்கே போனதென்று அவள் கவனிக்கவில்லை. நிமிர்ந்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கீழே பேக்கரிக்காரர் யாரையோ தட்டு எடுத்துவரச் சொல்லிச் சத்தம் போட்டார். பிறகு மிஹோ ஜெர்வின் பக்கம் திரும்பி, குரலே வெளியே வராதமாதிரி, என்னவோ கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். மறுபடியும் கேட்டாள். “என்னய்யா சொல்லுதா?” “ஒண்ணுமில்லம்மா.” “சொல்லு.” “அவ… உங்களுக்கு அவ மேல என்ன கோவம்னு கேக்கா. இங்க திரும்பி வந்ததுல இருந்தே கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. அதெல்லாம் ஒண்ணுமில்ல, எங்கம்மா குணமே அப்படித்தான், கூச்ச சுபாவம்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். உங்ககிட்ட எப்படிம்மா கேக்க?” எமரன்சியாவின் நாக்கு தானாக மேலண்ணத்துக்குப் போனது, அந்தச் சத்தத்தைப் போட. போன நாக்கைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். இதை எப்படிச் சொல்ல? ஒரு கைவீச்சை, ஒரு உச்சுச் சத்தத்தை, நடுவில் மகனை நிறுத்திவைத்துப் போனில் எப்படிச் சொல்ல? இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து இங்கே வைத்து, என் கையை அங்கே வைத்து, ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்ல வேண்டிய காரியம். “அம்மா? லைன்ல இருக்கியளா?” “இருக்கேன்யா.” “என்ன சொல்லட்டும் அவகிட்ட?” “வந்து சொல்லுதேன்னு சொல்லு.” ஜெர்வின் புரியாமல் பார்த்தான். “எங்க வந்து?” “அங்கதான். கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிரு, மிச்சத்தை நான் வந்து சொல்லுதேன்னு சொல்லு.” “அப்போ குளிரு?” “குளிருக்கு என்ன, கம்பளி போட்டா ஆச்சு. நீ சொல்லுலே அவகிட்ட.” அவன் சொன்னான். ஒரு நீளமான வாக்கியமாகச் சொன்னான். மிஹோ கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருக்கும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஜெர்வின் முகத்தை விட்டுத் திரையை நெருங்கிவந்தாள். எமரன்சியாவின் முகத்துக்கு நேராகப் பார்த்து, ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

“இட்சு?”

“அவ என்ன கேக்கான்னா…” என்று ஜெர்வின் ஆரம்பித்தான்.

“நீ சும்மா இரு” என்றாள் எமரன்சியா. “எப்பன்னு கேக்கா. எனக்கு விளங்கிட்டு.”